இருட்டில் தொட்ட மீசை

குஸ்திக் கோதாவுக்குப் பக்கத்தில் கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார் நாவிதர் மாணிக்கம். எதிரே பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர், ஒரு துண்டு சவுக்காரம், சவரக் கத்தி. அவர் கத்தியைத் தோல் வாரில் தீட்டுகிற சத்தம், அத்தனை இரைச்சலிலும் எனக்குத் தனியாகக் கேட்டது. தோற்கிறவனின் மீசையை அங்கேயே, ஜனங்கள் பார்க்க எடுக்க வேண்டும். அதற்காகத்தான் அவரைக் கூட்டி வந்திருந்தார்கள்.

கோதா மண்ணில் இரண்டு பேர். ஒருவர் ராயப்பேட்டை காசிம் பயில்வான். கூட்டத்தில் முக்கால்வாசி அவருக்காக வந்தது. இன்னொருவன் நோட்டீசில் ‘லாகூர் சிங்கம்’ என்று போட்டிருந்த ஆள். கையில் தகர மெகாபோனோடு நடுவில் நான். முதல் வரிசையில் பிரம்பு நாற்காலியில் கான்ட்ராக்டர் கோதண்டம். வெயில் தணிந்து, கீற்றுத் தடுப்புக்கு மேலே வானம் சிவந்துகொண்டிருந்தது.

கோதண்டம் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அது எனக்கு உத்தரவு. நான் மெகாபோனை வாயில் வைத்து, “மகாஜனங்களே, அமைதி!” என்று கத்த வேண்டும். கத்தியதும் காசிம் பாய் பிடியைத் தளர்த்தி மல்லாந்து விழ வேண்டும். அப்படித்தான் பேச்சு.

நான் வாயைத் திறக்கவில்லை.

கோதண்டம் மறுபடி கழுத்தைத் துடைத்தார். பிறகு நெற்றியை. பிறகு காதுக்குப் பின்னால். வியர்க்காத இடத்தையெல்லாம் துடைத்துப் பார்த்தார். நான் அசையாமல் நின்றேன்.

சாமியாரின் புகார்

இதை இப்போது எழுதக் காரணம் என் பேரன். போன வாரம் பேப்பரை வீசி எறிந்தான். எங்கேயோ ஆட்டக்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு தோற்றார்களாம். “தாத்தா, இப்படிக்கூட நடக்குமா?” என்று கேட்டான். அடப் பாவி, நடக்குமாவா! உன் தாத்தா வயிறு வளர்த்ததே அதில்தானே என்று சொல்ல வாய் வரை வந்தது. அவன் அம்மா பக்கத்தில் இருந்ததால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் வீடு சாந்தோமில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கோயில் பாட்டுக் குழுவில் நான் பாடினால் கடற்கரையில் வலை காயப்போடுகிறவர்களுக்குக் கேட்கும் என்பார்கள். அது புகழ்ச்சியில்லை, புகார். பங்குச் சாமியாரே ஒருநாள் கூப்பிட்டு, “ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும் அருளப்பா, கொஞ்சம் மெதுவாப் பாடு” என்றார்.

ஆண்டவருக்கு வேண்டாத தொண்டை கோதண்டத்துக்கு வேண்டியிருந்தது. தியாகராய நகரில் புதிதாக மாடி வீடு கட்டியிருந்தார். யுத்தம் வந்ததும் ஜன்னல்களுக்கு ஒட்டுகிற கறுப்புக் காகிதம் சப்ளை செய்து சம்பாதித்த பணம். அந்தப் பணத்தைப் போட்டுக் குஸ்திப் போட்டிகள் நடத்த ஆரம்பித்தார். ராயப்பேட்டைக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே ஒரு காலி மைதானத்தைப் பிடித்துக் கீற்றால் அடைத்து, நடுவில் செம்மண் கொட்டிக் கோதா போட்டார். டிக்கெட்டு வைத்தார். கூவுவதற்கு என்னைப் பிடித்தார். கஞ்ச மகராஜன் என்பதால் நடுவர் வேலையையும் என் தலையிலேயே கட்டினார்.

ஜட்கா வண்டியில் தம்பட்டக்காரனோடு ஏறி, லஸ், மாட வீதி, பாண்டி பஜார், அடையாறு என்று சுற்றுவேன். நோட்டீசுகளை வீசியபடி கத்திக்கொண்டு போவேன். மாட வீதியில் ஒரு மாமி மாடியிலிருந்து, “ஏண்டாப்பா, ஆத்துல கொழந்தை இப்பத்தான் கண்ணசந்திருக்கு, இப்படிக் கத்திண்டு போறியே!” என்று சத்தம் போட்டாள். பின்னாலேயே அவள் புருஷன் இறங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, “காசிம் என்னிக்கு இறங்கறான்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்பா மட்டும் வெகு நாள் என்னோடு பேசவில்லை. போகட்டும்.

விளக்கு இல்லாத ஊர்

எல்லாம் பேசி வைத்துத்தான் நடந்தது. உருது பேசுகிற பயில்வான்கள் அதை நூரா குஸ்தி என்பார்கள். யார் விழ வேண்டும், எப்போது விழ வேண்டும் என்று முதல் நாளே முடிவாகிவிடும்.

கோதண்டம் அதற்கு நியாயம் வைத்திருந்தார். பட்டணத்தில் அப்போது குண்டு விழும் என்ற பயத்தில் ராத்திரி விளக்கு அணைப்பு. இருட்டிய பிறகு வெளியில் ஒரு லாந்தர் தெரிந்தாலும் ரோந்து சுற்றுகிற வார்டன் விசில் ஊதிக்கொண்டு வந்துவிடுவார். “நெஜமா உட்டா எப்ப நைனா முடியும்? ரெண்டு எருமை மாதிரி முட்டிக்கினே இருப்பானுங்க. பொழுது சாஞ்சிடும். அப்புறம் ஜனத்த எப்படி வூட்டுக்கு அனுப்பறது?” என்பார். அதனால்தான் என் ‘அமைதி’. கூட்டத்தை அடக்குகிறேன் என்று ஜனங்கள் நினைப்பார்கள். உள்ளே இருப்பவனுக்கு அது, ‘விழு’.

முதலில் பொழுதுக்காகப் பேசி வைத்தார்கள். அப்புறம் வசூலுக்காக. ஒரு வாரம் சமம், அடுத்த வாரம் இவன் வெற்றி, அதற்கடுத்த வாரம் அவன் வெற்றி என்று இழுத்தால் ஒரே ஜோடியை வைத்து மூன்று தடவை மைதானத்தை நிரப்பலாம். இருட்டுக்குப் பயந்து ஆரம்பித்த பழக்கம் பட்டப்பகலிலும் ஒட்டிக்கொண்டது.

பட்டங்களும் பவிசும்

காசிம் பாய் ஆரம்பத்தில் அசல் பயில்வான். நானே பார்த்திருக்கிறேன். ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தெருவில், அண்ணனின் அத்தர்க் கடைக்கு மேலே குடியிருந்தார். விடியுமுன் எழுந்து தண்டால் எடுப்பார். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே எடுப்பார்.

கோதண்டத்தின் காசு கைக்கு வந்தது. சுலபமான வெற்றி வந்தது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. பட்டு அங்கி தைத்துக்கொண்டார். நான் கூவும்போது ‘தென்னாட்டு ருஸ்தும், ராயப்பேட்டை இரும்பு, வெல்லவே முடியாத வீரர்’ என்று எல்லாப் பட்டத்தையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டால் கோதாவில் கால் வைக்க மாட்டார். ஒருநாள் மழை தூறுகிறதே என்று இரும்பை விட்டுவிட்டேன். அங்கியோடு திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நனைந்தபடி மறுபடி முதலிலிருந்து கூவினேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மெகாபோனாலேயே ஒரு போடு போட்டிருப்பேன், அவர் உருவம் தடுத்துவிட்டது.

தண்டால் நின்றது. தொந்தி விழுந்தது. மீசை மட்டும் வளர்ந்தது. அந்த மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னத்தில் பாதியை மூடி, நுனியில் மேலே முறுக்கி, அண்ணன் கடை அத்தரைத் தடவி வைத்திருப்பார். ராயப்பேட்டையில் பிள்ளைகள் அதைப் பார்க்கவே அவர் பின்னால் போவார்கள்.

அந்த மீசை மேல்தான் கோதண்டம் கண்ணை வைத்தார். மீசைப் பந்தயம் என்று நோட்டீஸ் போட்டால் பட்டணமே வரும். காசிம் தோற்க வேண்டும், மீசை போக வேண்டும். முடி வளர்ந்ததும் மறு போட்டி. அதில் காசிம் ஜெயித்து, லாகூர் சிங்கத்தின் மீசையை எடுக்கலாம். பாய் முதலில் எகிறிக் குதித்தார். கோதண்டம் ஒரு பழைய மோட்டார் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பெட்ரோல் கிடைக்காத காலம், பின்னால் கரி அடுப்பு வைத்து ஓட்டுகிற வண்டி. “தோத்தா இது ஒன்னுது” என்றார். முன்பணமும் கொடுத்தார். பாய் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சரி என்றார்.

தென்னந்தோப்பில் ஒத்திகை

அடையாற்றில் கோதண்டத்துக்கு ஒரு தென்னந்தோப்பு. ஒத்திகை எப்போதும் அங்கேதான். ஒரு காலை வேளையில் லாகூர் சிங்கத்தை முதல் தடவையாகப் பார்த்தோம். நல்ல வாட்டசாட்டமான பிள்ளை. இருபத்தைந்து வயது இருக்கும். காசிம் பாய்க்குச் சளைக்காத மீசை. பாய் இந்துஸ்தானியில் ஏதோ விசாரித்தார். அவன் திருதிரு என்று முழித்தான்.

பிடித்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் முகமெல்லாம் வியர்வை. பாய் அவன் தலையைக் கக்கத்தில் இடுக்கி விடுவித்தபோது, மீசையின் ஒரு பக்கம் உதட்டை விட்டுத் தொங்கியது. பையன் பதறிப்போய் அதைக் கையால் அமுக்கிக்கொண்டான்.

“ஐயையோ! மொதலாளி கொன்னுடுவாருண்ணே, சொல்லிடாதீங்கண்ணே” என்றான். சுத்தமான வட ஆற்காட்டுத் தமிழ்.

பெயர் ஏழுமலை. ஊர் வாலாஜாபேட்டை. லாகூரை அவன் வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. பட்டணத்தில் யாரோடும் தமிழ் பேசக்கூடாது என்று கட்டளையாம். “சாப்ட உக்காந்தாக்கூட சைகைலதான் சோறு கேக்கறேண்ணே. ரெண்டாந்தரம் சாம்பார் கேக்க சைகை தெரியல” என்றான்.

நானும் பாயும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்த பாய் சட்டென்று நிறுத்தினார். பையனின் தொங்கிய மீசையையே பார்த்தார். தன் மீசையை ஒருதரம் தொட்டுக்கொண்டார்.

ஜட்காவில் திரும்பினோம். அடையாறு பாலம் தாண்டியதும் பாய் வாயைத் திறந்தார்.

“அர்ளு, அவன் மீசை பசை.”

“பாத்தேன் பாய்.”

“மறு போட்டில அவனுக்குப் போறது பசை. எனக்கு இப்ப போறது இன்னா? இது நெஜம்டா! நெஜத்த வெச்சி பொய்யோட பந்தயம் கட்டி வுட்டிருக்கான் அந்த ஆளு. என்னைப் பாத்தா அவனுக்கு இன்னா மாதிரி கீது?”

“துட்டு வாங்கிட்டீங்களே பாய்.”

“வூட்ல குடுத்து அப்படியே கட்டி வெக்கச் சொல்றேன். தொட மாட்டேன். அன்னிக்கு நீ அந்த வார்த்தைய சொல்லாதே. நான் நெஜமா புடிக்கிறேன்.”

என் வேலை போகும், அது ஒன்று. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று நாக்கில் நின்றது. கேட்டே விட்டேன். “நெஜமா புடிச்சா நீங்க ஜெயிப்பீங்களா?”

ஜட்காவை நிறுத்தச் சொல்லி இறங்கி, விறுவிறு என்று நடந்து போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை சாந்தோம் கடற்கரைக்கு வந்து நின்றார். மணலில் ஓடினார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கட்டுமரத்தில் கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

“பொய்யா வுழுந்து வுழுந்து, நெஜமா நிக்கவே மறந்துட்டேன்டா” என்றார். ஆனால் அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும்.

“நெஜமாவாண்ணே?”

இனி மைதானத்துக்கு வருகிறேன்.

கை கொடுக்கிற நேரத்தில் நான் பக்கத்திலேயே நின்றேன். காசிம் பாய் ஏழுமலையின் உள்ளங்கையைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார்: “தம்பி, இன்னிக்கு நெஜம். சொல்லாம புடிச்சா தப்பு, அதான் சொல்றேன். ஒன் பலத்தையெல்லாம் காட்டு. வுட்டுக் குடுத்தே, வெளிய வந்து ஒதைப்பேன்.”

ஏழுமலை என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். “நெஜமாவாண்ணே?” என்றான். நாலு நாள் பட்டினி கிடந்தவனுக்கு இலை போட்டது மாதிரி அவன் முகம் மலர்ந்தது.

அப்புறம் நடந்தது குஸ்தி! என்ன சொல்லி எழுதுவேன்? நான் கூவிப் பிழைத்த அத்தனை நாளில் அதைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை. மோதிக்கொண்டபோது மண் அதிர்ந்தது. ஏழுமலை காலை வாரினான், பாய் ஒற்றைக் காலில் சுழன்று தப்பினார். பாய் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார், அவன் பாம்பாக வழுக்கி இறங்கினான். தொந்தி குலுங்கியது, மூச்சு இரைத்தது, ஆனாலும் விடவில்லை. கூட்டம் கத்துவதை நிறுத்திவிட்டது. நான் ‘அமைதி’ சொல்லாமலே அமைதி.

“டேய், இன்னாடா வேடிக்கை பாத்துக்கினு கீறே! சொல்லுடா!” கோதண்டம் நாற்காலியை விட்டு எழுந்து என் சட்டையைப் பிடித்தார்.

“நீங்க உக்காருங்க மொதலாளி. பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குது” என்றேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

வெளிச்சம் போய்விட்டது. நிலா இல்லாத நாள். வார்டனின் விசில் கேட்டது. “கலைஞ்சி போங்க! பீடிய அணை!” என்று யாரோ கத்தினார்கள். பீடியை அணைத்தார்கள், கலையவில்லை. அத்தனை ஆயிரம் பேரும் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோதாவிலிருந்து இரண்டு பேரின் மூச்சு மட்டும் வந்தது.

திடுமென்று ஒரு சத்தம். மண்ணில் ஒரு முதுகு முழுசாக விழுந்த சத்தம்.

கையில் பட்டது

நடுவர் நான். யார் கீழே என்று நான்தான் சொல்ல வேண்டும். முட்டி போட்டுத் தவழ்ந்து போனேன். கை ஒரு தோளில் பட்டது. மண்ணில் அழுந்தியிருந்தது. மற்றத் தோளும் அப்படியே. முகத்தைத் தடவினேன். விரலில் மீசை.

பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன்.

அசல் மீசை. அத்தர் வாசனை வேறு. ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது. ‘காசிம் வென்றார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராயப்பேட்டை அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும். மேலே இருந்த பையனும் எதிர்த்துப் பேச மாட்டான், அவனுக்குத்தான் தமிழே தெரியாதே! மெகாபோனை எடுத்து வாயருகே வைத்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எந்தப் பெயரைச் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

கீழேயிருந்து குரல் வந்தது. “எவ்ளோ நேரம்டா இழுப்பே? வலிக்குது. நான்தான் கீழ கீறேன். உள்ளத சொல்லு.”

“பாய்...”

“சொல்லுடா. நல்லாப் புடிச்சான் பையன். இன்னா புடி! இதுமாதிரி வுழுந்து எத்தினி காலமாச்சு தெரியுமா?”

அழுதுவிட்டேன். அழுகையோடு எழுந்து நின்று, என் தொண்டையில் இருந்த மட்டும் கூவினேன்: “மகாஜனங்களே! ஜெயித்தவர் லாகூர் சிங்கம் இல்லை! வாலாஜாபேட்டை ஏழுமலை!”

இருட்டுக்குள்ளிருந்து, “ஆமாங்க, நான்தாங்க!” என்று பையனின் குரல். மைதானம் சிரித்தது, பிறகு எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அதற்குள் காசிம் பாய் என் கையிலிருந்து மெகாபோனைப் பிடுங்கினார்.

“நான் தோத்துட்டேன். மீசையக் குடுக்கணும். இருட்டுல எடுத்தா மாணிக்கம் மூக்கையும் சேத்து எடுத்துடுவாரு. காலைல நம்ம தெருவுக்கு எல்லாரும் வாங்க. டிக்கெட்டு கெடையாது!”

காலை வெளிச்சத்தில்

வந்தார்கள். மைதானத்துக்கு வந்ததைவிட அதிகம். அத்தர்க் கடை வாசலில் முக்காலி போட்டு, பனியனோடு உட்கார்ந்திருந்தார் காசிம் பாய். உடம்பெல்லாம் சிராய்ப்பு. கண்ணாடி பிடித்தவன் ஏழுமலை, மழுமழு என்ற முகத்தோடு. மாணிக்கம் சவுக்கார நுரையைத் தடவிக்கொண்டிருந்தபோது கூட்டம் விலகியது. கோதண்டம்.

சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். முகமெல்லாம் பல். இரவெல்லாம் கணக்குப் போட்டிருப்பார் போலிருக்கிறது.

“இன்னா நடிப்பு நைனா! நானே அசந்துட்டேன். மறு போட்டி வெச்சா பட்டணம் தாங்காது. அருளப்பா, ஒன் வேல ஒனக்குத்தான். காசிம், காரு தெருமுனைல நிக்குது. மீதித் துட்டும் கொண்டாந்துட்டேன்.”

கதவு மறைவிலிருந்து பாயின் மனைவி ஒரு துணி முடிச்சை நீட்டினாள். “அர்ளப்பன் தம்பி, இந்த முன்பணத்த மொதல்ல அவர் கைல குடுத்துடுப்பா. பிரிக்கவே இல்ல.”

வாங்கிக் கோதண்டத்தின் கையில் வைத்தேன். அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. “இன்னாப்பா இது? நான் தோக்கச் சொன்னேன், நீயும் தோத்தே. ரெண்டும் ஒண்ணுதானே? வாங்கிக்கறதுக்கு இன்னா?”

காசிம் பாய் நுரை வழிய நிமிர்ந்து பார்த்தார்.

“நீ சொல்லித் தோத்திருந்தா இந்த மீசை ஒன்னுது மொதலாளி. துட்டு குடுத்து வாங்கினது, நீ எடுத்துக்கினு போயிருக்கலாம். இப்ப நானாத் தோத்தேன். இது என்னுது. குடுக்கறவன் நான்.”

பாய் முகத்தை மாணிக்கத்தின் பக்கம் திருப்பினார்.

“எடுங்க அண்ணே.”

மாணிக்கம் கத்தியை வைத்தார். ராயப்பேட்டையே கைதட்டியது.